சுவர் உள்ளவனுக்கே மின்சாரமா?

மின்சாரக் கார் வாங்குவதற்கு முதலில் வேண்டுவது பணம் என்றே பலரும் எண்ணுகின்றனர். பணத்தைக் கடனாகப் பெறலாம். ஒன்பது ஆண்டுத் தவணையில் கொடுப்பதற்கு வங்கிகள் வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றன. எந்த வங்கியும் கடன் கொடுக்காத பொருள் ஒன்று உண்டு, அது சுவர். வாகனம் நிற்கும் இடத்தை ஒட்டி, தன் வீட்டு மின்மானியோடு தொடர்புடையதாய், எவரையும் கேளாமல் துளையிட்டு ஒரு மின்னேற்றியைப் பொருத்திக்கொள்ளத் தக்க சுவர் யாருக்கு வாய்த்திருக்கிறதோ, அவருக்கே பினாங்கில் மின்சாரக் கார் முழுப் பயன் தருகிறது. ஏனையோர்க்கு அது பேரங்காடிக் கூடத்தில் மெருகிட்டு நிறுத்தப்பட்ட காட்சிப் பொருளாகவே இருந்து வருகிறது.

இவ்வாறு சொல்வதால், மின்சாரக் காரையே எதிர்ப்பவருள் ஒருவனாக என்னை எண்ணிவிட வேண்டா. தீப்பற்றும், மழையில் நனைந்தால் உயிரைக் குடிக்கும், எட்டாண்டில் குப்பைக்குப் போகும் என்று காப்பிக் கடைகளில் பரப்பப்படும் செய்திகளில் பாதி பொய், மீதி மிகை. சுவீடன் நாட்டு அரசுத் துறை தீ விபத்துகளைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, வாகன எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மின்சாரக் கார்கள் பெட்ரோல் கார்களைவிடக் குறைவாகவே தீப்பற்றுகின்றன என்று கண்டது. பற்றிய தீயை அணைப்பது கடினம் என்பது உண்மை; அடிக்கடி பற்றுகிறது என்பது உண்மையன்று. என் வழக்கு காரைப் பற்றியதன்று. அக்காருக்கு மின்சாரம் எங்கே, யாருக்கு, என்ன விலையில் கிடைக்கிறது என்பதைப் பற்றியது.

ஒரே பள்ளியில் பணியாற்றும் இரண்டு ஆசிரியர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கிரீன் லேன் பகுதியில் தரைவீட்டில் வாழ்கிறார். மற்றவர் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி ஒன்றின் பதினோராம் மாடியில் வாழ்கிறார். சம்பளம் ஒன்றே, வாங்கிய காரும் ஒன்றே. இருவரும் பள்ளிக்கும் கடைக்கும் பிள்ளைகளின் வகுப்புக்குமாக நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் குளிரூட்டியை நிறுத்தி ஓட்டுவார் யாருமில்லை. அதையும் சேர்த்து நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் மின்சாரம் பிடிக்கும் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 6 யூனிட் ஆகிறது.

தரைவீட்டு ஆசிரியர் இரவில் படுக்கப் போகுமுன் காரைச் சுவரோடு இணைத்துவிடுகிறார். 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த கட்டண முறைப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு எல்லாக் கூறுகளையும் கூட்டினால் ஒரு யூனிட் ஏறத்தாழ 45 காசு. ஆறு யூனிட்டுக்கு இரண்டு வெள்ளி எழுபது காசு. நேரத்துக்கேற்ற கட்டணத்தை அவர் விரும்பித் தேர்ந்துகொண்டிருந்தால், இரவு பத்து மணிக்குமேல் அதிலும் சில காசுகள் குறையும். மாதத்தில் 25 நாள் ஓட்டினாலும் 68 வெள்ளிக்கு மேல் போகாது.

அடுக்குமாடி ஆசிரியருக்குச் சுவர் இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு கோட்டுக்குள் எண் எழுதிய இடம் மட்டுமே உண்டு. ஆகவே அவர் வாரத்திற்கு இரண்டு முறை பேரங்காடியின் விரைவு மின்னேற்ற நிலையத்திற்குச் செல்கிறார். அங்கே யூனிட் ஒன்றரை வெள்ளி அளவில் நிற்கிறது. அதே ஆறு யூனிட் அவருக்கு ஒன்பது வெள்ளி. மாதத்திற்கு 225 வெள்ளி. பேரங்காடிக் கார் நிறுத்தக் கட்டணம் இதில் சேரவில்லை.

இனி, மூன்றாவது ஆசிரியர் ஒருவர் பழைய பெட்ரோல் காரையே ஓட்டுகிறார் எனக் கொள்வோம். நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் பிடித்தால், அவருக்கு நாளொன்றுக்கு 2.8 லிட்டர். 2025 செப்டம்பர் 30 அன்று குடிமக்களுக்கென அறிமுகமான 1 வெள்ளி 99 காசு விலையில் கணக்கிட்டால் ஐந்து வெள்ளி ஐம்பத்தேழு காசு. மாதம் 140 வெள்ளி. புகை கக்காத காரை வாங்கிய அடுக்குமாடி ஆசிரியர், புகை கக்கும் காரை ஓட்டுபவரைவிட 85 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறார். தரைவீட்டுக்காரரோ பெட்ரோல்காரர் கொடுப்பதில் பாதியைக் கொடுக்கிறார். நாட்டுக்கு நல்லது செய்யுங்கள் என்று இருவரையும் ஒரே குரலில் அழைத்தார்கள். ஒருவருக்குப் பரிசும் மற்றவருக்குத் தண்டனையும் கிடைத்திருக்கின்றன.

பணக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். நேரக் கணக்கு இன்னும் கொடியது. தரைவீட்டுக்காரர் மின்னேற்றத்திற்குச் செலவிடும் நேரம், கம்பியைச் செருகும் அரை நிமிடம். அடுக்குமாடிக்காரர் செயலியைத் திறந்து, எந்த நிலையம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, அங்கே போய்ச் சேர்வதற்குள் அதை வேறொருவர் பிடித்துக்கொண்டிருப்பார். சில வேளை மின்சாரமே தேவைப்படாத பெட்ரோல் கார் அந்த இடத்தில் நிற்கும். நிறுவனத்திற்கொரு செயலி, செயலிக்கொரு பணப்பை. ஒவ்வொன்றிலும் பத்தும் இருபதும் முன்பணமாக முடங்கிக் கிடக்கும். மின்கலம் நிறைந்த பின்னும் காரை எடுக்காமல் இருந்தால் நிமிடக் கணக்கில் அபராதம். ஆகவே அவர் கடைக்குள் போயும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விடைத்தாள் கட்டைக் காரில் வைத்துக்கொண்டு நிலையத்திலேயே திருத்திவிடலாம் என்று கேலியாகச் சொல்வார் உண்டு. ஆசிரியர்கள் அதையும் செய்துவிடக்கூடியவர்களே!

(மின்னேற்றம் என்று நான் எழுதுகிறேன், மாணவர்களோ ‘சார்ஜ் போடுவது’ என்கின்றனர். இதில் சண்டைக்கு இடமில்லை. செருகுவாய் கிடைத்தபின் பெயரைப் பற்றி விவாதிக்கலாம்.)

அரசு இதுவரை கொடுத்த சலுகைகள் யாரைச் சென்றடைந்தன என்று பார்ப்போம். 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இறக்குமதியான மின்சாரக் கார்களுக்குச் சுங்க வரியும் கலால் வரியும் நீக்கப்பட்டன. அச்சலுகை 2025 இறுதிவரை நீடித்தது. ஆனால் அதே காலத்தில், முழுமையாக இறக்குமதியான மின்சாரக் காரை 100,000 வெள்ளிக்குக் கீழே விற்கக்கூடாது என்ற விதியும் இருந்தது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கவே அவ்விதி என்றனர். காரணம் ஒருவாறு ஏற்கத்தக்கதே. ஆயினும் வரியை விட்டுக்கொடுத்த பொதுப் பணம் நூறாயிரத்துக்கு மேல் கொடுத்துக் கார் வாங்க வல்லவர்களின் பைக்கே போய்ச் சேர்ந்தது என்பதை மறுக்க முடியாது. வீட்டில் மின்னேற்றி வாங்கிப் பொருத்தும் செலவுக்கு 2,500 வெள்ளி வரை வருமான வரிக் கழிவும் வந்தது. வீட்டில் பொருத்த இடமுள்ளவர் அதை முழுதாகப் பெற்றார். சுவர் இல்லாதவர் வரிக் கழிவை எதன்மேல் பொருத்துவது?

பணக்காரர் விளையாட்டுப் பொருள் அது, நமக்கேன் அந்தக் கவலை என்று நம்மவருள் சிலர் கேட்கின்றனர். மூன்றாண்டுக்கு முன் கேட்டிருந்தால் அக்கேள்வியில் நியாயம் இருந்திருக்கும். 2024 டிசம்பரில் புரோட்டான் தன் முதல் மின்சாரக் காரை நூறாயிரத்தைச் சற்றே தாண்டிய விலையில் கொண்டுவந்தது. 2025 அக்டோபரில் அதே நிறுவனத்தின் சிறிய மின்சாரக் கார் அறுபதாயிரத்துக்கும் குறைந்த விலையில் வந்தது. டிசம்பரில் பெரோடுவா 80,000 வெள்ளிக்கு ஒன்றை வெளியிட்டது. மின்கலத்தை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டு மாதம் 275 வெள்ளி வாடகை கேட்கிறது. (குதிரையை விற்றுவிட்டுக் கால்களை வாடகைக்கு விடும் வாணிகம் இது, அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.) காரின் விலை ஆசிரியர், எழுத்தர், தாதியர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஆகியோரின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கிவிட்டது. இவர்களில் பெரும்பாலோர் பினாங்குத் தீவில் எங்கே வாழ்கின்றனர்? நிலம் குறுகிய தீவில், விலை ஏறிய ஊரில், மாடிமேல் மாடியில் வாழ்கின்றனர். கார் இறங்கி வந்துவிட்டது. மின்சாரம் மாடியேற மறுக்கிறது.

2025-க்குள் 10,000 பொது மின்னேற்ற இடங்கள் அமைப்போம் என்று அரசு இலக்கு வகுத்தது. அதில் 9,000 மெதுவாக ஏற்றுபவை, 1,000 விரைவாக ஏற்றுபவை. இலக்கு எட்டப்படவில்லை. எட்டாததற்காக மட்டும் நான் குறை கூறவில்லை. எட்டியிருந்தாலும் குறை தீர்ந்திராது என்பதே என் கருத்து. கார் ஒரு நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கிறது. அதில் பெரும்பகுதி நாம் உறங்கும் இடத்தில் நிற்கிறது. அங்கே மின்சாரத்தை வைக்காமல், நாம் அரை மணி நேரம் போய்வரும் கடைகளில் கொண்டுபோய் வைத்துவிட்டு எண்ணிக்கை காட்டுவது, பசித்தவன் வீட்டில் அடுப்பை வைக்காமல் ஊருக்கு ஊர் உணவகம் திறந்ததைப் போன்றது.

விரைவு, விரைவு என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. பினாங்குத் தீவின் நீளம் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 24 கிலோமீட்டர். இங்கே அன்றாட வாழ்வுக்கு விரைவு எதற்கு? வீட்டில் சோறாக்கும் பானையைச் செருகும் அதே மூன்று முனைச் செருகுவாய், முறையாகக் கம்பி இழுத்துப் பொருத்தப்பட்டிருந்தால், மணிக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் கொடுக்கும். நாள் முழுதும் செலவழிந்த ஆறு யூனிட்டை மூன்று மணி நேரத்தில் நிரப்பிவிடும். 7 கிலோவாட் மின்னேற்றி ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ போகிறவனுக்கு நெடுஞ்சாலையில் விரைவு நிலையம் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து ஜெலுத்தோங்குக்குப் போகிறவனுக்கு வேண்டியது, தன் கார் நிற்கும் இடத்தில் சிறிய செருகுவாய் ஒன்றும், செலவைக் காட்டும் மானி ஒன்றும். இவ்வளவு எளிய பொருளை மறுத்துவிட்டு, இவ்வளவு விலையுயர்ந்த பொருளை அங்காடிகளில் நட்டுக்கொண்டிருக்கிறோம்.

மறுப்பவர் யார்? பெரும்பாலும் அடுக்குமாடிகளின் நிர்வாகக் குழுக்கள். கார் நிறுத்துமிடத்தின் தூணும் கூரையும் மின்கம்பிப் பாதையும் பொதுச் சொத்து ஆதலின், குழுவின் இசைவின்றி அங்கே ஓர் ஆணிகூட அறைய முடியாது. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் அப்படி வகுத்தது. அது இயற்றப்பட்டபோது மின்சாரக் காரை எவரும் மனத்தில் கொண்டிருக்கவில்லை. குழுவினர் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் எழுப்பும் கேள்விகளில் மூன்று நியாயமானவை: தீ வந்தால் என்ன செய்வது, மின்கட்டணத்தை யார் கொடுப்பது, இருபது பேர் ஒரே இரவில் செருகினால் கட்டடத்தின் மின்மாற்றி தாங்குமா. மூன்றுக்கும் விடை உண்டு. பதிவுபெற்ற மின்வினைஞர் அமைத்த தனி மின்சுற்றும் காப்புக் கருவியும் முதற்கேள்விக்கு. தனி மானி இரண்டாவதற்கு. இருக்கும் மின்சாரத்தைக் கார்களுக்கிடையே முறைவைத்துப் பங்கிடும் கருவி மூன்றாவதற்கு. ஆனால் விடை தேடும் கடமை குழுவுக்கு இல்லை. ‘முடியாது’ என்ற ஒரு சொல்லோடு அது எழுந்துவிடலாம். யாரும் கேட்க முடியாது. மறுக்கப்பட்டவன் சில வேளை மாடியிலிருந்து நீட்டுக் கம்பியைத் தொங்கவிடப் பார்க்கிறான். குழு அஞ்சிய தீ உண்மையிலேயே வருமானால் அந்தக் கம்பியிலிருந்துதான் வரும்.

பிற நாடுகள் இம்முடிச்சை அவிழ்த்திருக்கின்றன. நார்வேயில் 2018 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, அடுக்குமாடி உரிமையாளர் மின்னேற்ற இடம் கேட்டால், தக்க காரணம் இருந்தால் மட்டுமே நிர்வாகம் மறுக்க முடியும். 2024-இல் அந்நாட்டில் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்கள். ஜெர்மனி 2020 டிசம்பர் 1 முதல் இதையொத்த உரிமையை வழங்கியது. குளிர்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பார்க்குச் சிங்கப்பூரைக் காட்டுகிறேன். மக்களில் பெரும்பாலோர் வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளில் வாழும் நாடு அது. அங்கே ஏறத்தாழ 2,000 பொதுக் குடியிருப்புக் கார் நிறுத்துமிடங்களில் மின்னேற்றிகளை நிறுவும் பணியை அரசே மேற்கொண்டது. 2022-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, தனியார் அடுக்குமாடிகளிலும் மின்னேற்றி நிறுவும் தீர்மானத்தை எளிதில் நிறைவேற்ற வழிசெய்தது. நம்மினும் செல்வம் மிகுந்த நாடு என்பது உண்மைதான். ஆனால் ‘காரணம் காட்டாமல் மறுக்கலாகாது’ என்று சட்டத்தில் ஒரு வரி சேர்ப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

இங்கே பினாங்கின் பழைய வரலாற்றை ஆசிரியர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். பாட நூல்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை. மின்சார வாகனம் இந்நகருக்குப் புதிதன்று. 1906-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ்டவுன் தெருக்களில் மின்சார டிராம் ஓடிற்று. துறைமுகப் பக்கத்திலிருந்து ஆயர் ஈத்தாம்வரை, தலைக்குமேல் கட்டிய கம்பியிலிருந்து மின்சாரத்தை வாங்கிக்கொண்டு போயிற்று. 1925-இல் டிராலி பஸ்கள் வந்தன. டிராம் 1936-இல் நின்றது. டிராலி பஸ்கள் 1961 வரை ஓடின. பின்னர் டீசல் பஸ்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1923-இல் ஓடத் தொடங்கிய பினாங்குக் கொடிமலை இரயிலும் மின்சாரத்தால் இழுக்கப்பட்டதே. அக்காலத்தில் மின்சாரத்தை உற்பத்தி செய்ததும் நகராண்மைக் கழகம், கம்பி கட்டியதும் நகராண்மைக் கழகம், வண்டி ஓட்டியதும் நகராண்மைக் கழகம். 1976-இல் தேசிய மின்சார வாரியம் ஏற்கும்வரை நகரின் மின்சாரம் நகரின் கையிலேயே இருந்தது.

குடியேற்ற ஆட்சியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவ்வாட்சியில் சாலை போட்ட தமிழனுக்கும் தெருக் கூட்டிய தமிழனுக்கும் கிடைத்த கூலி எவ்வளவு என்பதை நாம் அறிவோம். நான் கருதுவது வேறு. சில காசு கொடுத்து ஏறி அமர்ந்த எவரும், தரகரும் கூலியும் மாணவரும், ஒரே கம்பியின் மின்சாரத்தில் பயணம் செய்தனர். வீட்டில் சுவர் உண்டா என்று நடத்துநர் கேட்டதில்லை. சிம்னி விளக்கில் படித்த வீட்டுப் பிள்ளையும் மின்சாரத்தில் பள்ளிக்குப் போகலாம். தெருவுக்கு மேலே பொதுவாக ஓடிய மின்சாரத்தை அறுத்தெறிந்து அறுபது ஆண்டுக்குமேல் கழிந்தபின், இப்பொழுது அதைத் தனித்தனி வீட்டு வாயிலுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, புதுமை என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

இரயில் வரப் போகிறதே என்பர். வரட்டும், முழுமனத்தோடு வரவேற்கிறேன். முத்தியாரா எல்.ஆர்.டி. பாதையின் பணி 2025 ஜனவரியில் தொடங்கியது. 2031-இல் முடியும் என்பது திட்டம். அதுவரையிலும், அதன் பின்னும் பாதை எட்டாத பகுதிகளிலும், மக்கள் கார் ஓட்டத்தான் போகின்றனர். அக்கார் எதில் ஓடுகிறது என்பது பொருட்டாகவே இருக்கும். நம் மின்சாரமே நிலக்கரியில் பிறக்கிறது, மஞ்சோங்கில் எரிவது கரிதானே என்ற வாதமும் உண்டு. கரியும் இயற்கை எரிவாயுவும் நம் மின்சாரத்தில் பெரும்பங்கு வகிப்பது உண்மை. ஆனால் மின்நிலையத்தின் ஒரு புகைபோக்கியைத் திருத்துவது எளிது. பள்ளி வாயிலில் காலை ஏழு மணிக்கு உறுமிக்கொண்டு நிற்கும் நூறு புகைக்குழாய்களைத் திருத்துவது எளிதன்று. அந்தப் புகையை முதலில் உட்கொள்வது நம் மாணவர்கள்.

அடுக்குமாடியாவது வண்டி நிறுத்த இடம் தருகிறது. பழைய நகரின் கடைவீடுகளில் வாழ்வோரின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. லெபோ பாசார், லெபோ குயின், லெபோ சூலியா என்று நம்மவர் வாணிகம் நடத்தும் தெருக்கள் 2008 ஜூலையில் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கின்றன. முன்னே அஞ்சடி, அதற்கு முன்னே சாலை. கார் நிற்பது மாநகர் மன்றத்தின் கட்டணக் கோட்டுக்குள். மரபுக் கட்டடத்தின் முகப்பில் கண்டபடி பெட்டி பொருத்தலாகாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. லண்டன் நகரில் தெருவிளக்குத் தூண்களிலேயே மெதுவாக ஏற்றும் செருகுவாய்களைப் பொருத்தியிருக்கின்றனர். அந்நகரத்துத் தெருக்கள் நம் தெருக்களைவிடப் பழைமையில் குறைந்தவையல்ல. தூண் நம்மிடமும் உண்டு. கார் நிறுத்தக் கட்டணம் வாங்கும் மன்றமும் உண்டு. 2017 நவம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்து, செருகுவாயைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்தால் போதும்.

பள்ளிகளையும் சொல்ல வேண்டும். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஆசிரியர்களின் கார்கள் காலை ஏழு மணி முதல் பிற்பகல்வரை வெயிலில் நிற்கின்றன. புதிய கட்டண முறையில் பிற்பகல் இரண்டு மணிக்கு முற்பட்ட நேரம் உச்ச நேரமன்று. மின்சாரம் மிஞ்சி நிற்கும் நேரம். பள்ளியின் மின்சாரம் பொதுப் பணம். அதில் ஒரு காசும் ஆசிரியர் இலவசமாக எடுக்கக்கூடாது. மானி வைத்து, வீட்டுக் கட்டணத்தையே வாங்கிக்கொண்டு நான்கு செருகுவாய்களைத் திறந்துவிட்டால் பள்ளிக்கு இழப்பு என்ன? கூரைமேல் சூரியத் தகடு பொருத்திய பள்ளியாயின் வருமானமே வரும். அறிவியல் ஆசிரியர் அதைக் கொண்டு ஒரு பாடமும் நடத்தலாம்: எத்தனை யூனிட் ஏறிற்று, எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று, எங்கே இழப்பு நேர்ந்தது என்று மாணவர்கள் தாமே எழுதிக் கணக்கிடலாம்.

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அடுக்குமாடியும் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும். அதில் கார் நிறுத்துமிடத்து வழக்கும் குப்பை வழக்கும் பேசி முடித்துக் கலைவதே வழக்கம். ஆசிரியர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். இம்முறை போங்கள். கூட்டத்துக்கு முன்பே எழுத்து மூலம் ஒரு தீர்மானத்தைக் கொடுங்கள்: பதிவுபெற்ற மின்வினைஞரைக் கொண்டு, தன் செலவில், தனி மானியோடு, குழு குறிக்கும் மின்னளவுக்குள், தன் நிறுத்துமிடத்தில் மின்னேற்றி பொருத்த உரிமையாளர் எவருக்கும் இசைவு தரப்படும் என்று அதில் எழுதுங்கள். வாடகைக்கு இருப்போர் வீட்டு உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வரட்டும். மின்சாரக் கார் இன்னும் வாங்காதவர்களும் கையெழுத்திட வேண்டும். கம்பிப் பாதையை ஒருமுறை இழுப்பதே மலிவு. குழு மறுக்குமாயின், மறுப்புக்கான காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, அதன் படியொன்றைக் கேட்டு வாங்குங்கள்.